ஏரிக்கரையின் முதலும் கருவும்

தொல்காப்பியர் அகத்திணையை வகுத்தபோது முதல், கரு, உரி என்னும் மூன்றன் மேல் அதனை நிறுத்தினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். பின்வந்தோர் பூவையும் நீரையும் ஊரையும் கருப்பொருளோடு சேர்த்தனர். மருதத்திற்குப் பொய்கையும் தாமரையும் நாரையும், நெய்தலுக்குக் கழியும் தாழையும் நீர்ப்பறவையும் என்று நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். கேட்டவுடன் சொல்லவும் வல்லவராக இருக்கின்றனர்.

ஆனால் அதே மாணவரை நோக்கி, "உன் வீட்டிற்கு அண்மையில் உள்ள ஏரியின் கருப்பொருள் யாவை?" என்று கேட்டால் விடை வருவதில்லை. ஆசிரியரிடமும் விடை இருப்பது அரிது. அவர் மீது குற்றமில்லை. அந்த விடை எந்தப் பாடநூலிலும் எழுதப்படவில்லை. ஒருவர் அந்த ஏரிக்கரைக்குப் பலமுறை சென்று, கண்டவற்றை நாள்தோறும் எழுதி வைத்தாலன்றி அது கிடைக்காது. அவ்வாறு எழுதி வைப்பது எப்படி, அதனால் விளையும் பயன் யாது, நம் பினாங்கில் அதற்கு இடம் எங்கே உண்டு என்பவற்றை இங்கே காண்போம்.

காலத்தைக் காட்டிய மரம்

இயற்கையை நாளோடு சேர்த்து நோக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. வேங்கை மரத்திற்குக் கணி என்று ஒரு பெயர் உண்டு. கணி என்பவன் காலத்தைக் கணித்துச் சொல்பவன். வேங்கை பூக்கும் பருவமும் தினை முற்றும் பருவமும் ஒன்றாக வந்தமையால், மலைநாட்டு மக்கள் அம்மரத்தையே தங்கள் சோதிடனாகக் கொண்டனர். ஆண்டுதோறும் பார்த்து ஒப்பிட்டு அறிந்த ஓர் உண்மை, ஒரே சொல்லாக இறுகி நிற்கின்றது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்கின்றார் என்பதையும் நாம் அறிவோம். இத்தகைய அறிவு ஒருநாள் உலாவில் வருவதன்று.

அந்த வேங்கையின் நெருங்கிய உறவு மரம் ஒன்று பினாங்கின் சாலையோரங்களில் நிற்கின்றது. மலாய் மக்கள் அதனை அங்சானா என்பர். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். வறண்ட நாட்களுக்குப் பின் மழை பெய்ததும், மரம் முழுதும் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே சாலையில் மஞ்சள் விரிப்பாக உதிர்ந்து கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஆயினும் அது எந்த நாளில் பூத்தது, அதற்கு எத்தனை நாள் முன் மழை பெய்தது, சென்ற ஆண்டு எப்போது பூத்தது என்று எழுதி வைத்தவர் நம்முள் எத்தனை பேர்? கணி நம் தெருவிலேயே நின்று காலம் சொல்லியும், கேட்டு எழுதுவார் இல்லை.

ஓர் ஊரே போதும்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்கள் பலர் தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றவர் அல்லர். இங்கிலாந்தில் செல்பர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார் 1768 முதல் 1793-இல் இறக்கும் வரை, தம் ஊரின் பறவை, செடி, மழை, காற்று ஆகியவற்றை நாட்குறிப்பாக எழுதி வந்தார். 1789-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் அச்சில் உள்ளது. பார்வைக்கு ஒன்றே போன்ற மூன்று சிறு பறவைகளை, அவற்றின் குரல் வேறுபாட்டைக் கொண்டு மூன்று தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டினார். ஒரே தோட்டத்தில் மீண்டும் மீண்டும் காதுகொடுத்துக் கேட்டதன் பயன் அது.

அவராலும் தீர்க்க முடியாத ஐயம் ஒன்று இருந்தது. கோடையில் இங்கிலாந்தில் நிறைந்து பறக்கும் தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? அவை ஏரிகளின் அடியில் நீருக்குள் உறங்குகின்றன என்று ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் நம்பினர். சில குருவிகளேனும் ஊரிலேயே எங்கோ ஒளிந்து உறங்கக்கூடும் என்னும் எண்ணம் வைட்டுக்கும் இருந்தது. 1911-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பிடிபட்டது. நூற்றாண்டுகளாக நீடித்த ஐயத்தைத் தீர்க்க, நாளும் இடமும் எழுதப்பட்ட இரண்டு குறிப்புகள் போதுமானவையாக இருந்தன.

அதே தகைவிலான் இனம் நம் ஊருக்கும் வருகின்றது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தோன்றி, ஏப்ரலுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். 1963 முதல் 1971 வரை ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த ஒரு பெருந்திட்டத்தில், மெக்கிளூர் என்னும் அமெரிக்க அறிஞரின் தலைமையில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் பூட்டப்பட்டது. மலாயாவும் அத்திட்டத்தில் பங்கு கொண்டது. கிழக்காசியாவின் வடபுல நாடுகளுக்கும் நம் பகுதிக்கும் இடையே பறவைகள் போய்வரும் வழிகள் பல அதனால் தெளிவாயின.

அமெரிக்காவின் கான்கார்டு என்னும் ஊரில் வால்டன் ஏரிக்கரையில் 1845 முதல் 1847 வரை குடிசை கட்டி வாழ்ந்தவர் தோரோ. அவருடைய சிந்தனைகள் காந்தியடிகளின் உள்ளத்திலும் இடம் பெற்றவை. அவர் 1852 முதல் 1858 வரை தம் ஊரில் எந்தச் செடி எந்த நாளில் முதற்பூ பூத்தது என்று நூற்றுக்கணக்கான செடிகளுக்குக் குறிப்பு எழுதி வைத்தார். ஏன் இந்த வேலை என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருக்கக்கூடும். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், பிரைமாக், மில்லர் ரஷிங் என்னும் இரு ஆய்வாளர்கள் அதே ஊரில் 2004 முதல் 2006 வரை அதே செடிகளை நோக்கினர். பரவலாகக் காணப்பெறும் 43 வகைச் செடிகள், தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாட்கள் முன்னதாகப் பூப்பதைக் கண்டனர். நிலவுலகம் வெப்பமுற்று வருவதற்கு அந்தப் பழைய ஏடுகள் சான்றாயின. எழுதியவர் அறியாத ஒரு கேள்விக்கு, அவர் எழுத்து விடை சொல்லிற்று.

தமிழகத்து ஏரிகளில்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேடந்தாங்கல். தாங்கல் என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அந்தச் சிறிய ஏரியில், மழை தொடங்கியபின் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர், அவற்றைத் தம் ஊர்ச் செல்வமாகக் காத்தனர். துப்பாக்கியால் சுடுவோரைத் தடுக்கவேண்டி அவர்கள் முறையிட்டதன் பேரில், 1798-இல் மாவட்ட ஆட்சியர் பிளேஸ் அவர்கள் உரிமைக்கு ஆவணம் தந்தார். 2022-இல் அந்த ஏரி ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

வேடந்தாங்கலை ஆண்டுதோறும் சென்று கூர்ந்து நோக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைக் கட்டுரைகளை இடைவிடாது எழுதினார். தமிழிலும் பறவைகளைப் பற்றித் தெளிவான நடையில் எழுதினார். ஒரு பறவையைப் பற்றி எழுதும்போது, அது எங்கே நின்றது, என்ன செய்தது, எதைத் தின்றது என்பவற்றையே முதலில் சொல்வது அவர் வழக்கம். வியப்புச் சொற்களை அவர் குறைவாகவே ஆண்டார். தமிழில் இயற்கை பற்றி எழுத விரும்புவோர்க்கு அவர் உரைநடை நல்ல வழிகாட்டி.

தனிமனிதர் செய்த அப்பணி இன்று ஊர்கூடிச் செய்யும் பணியாக வளர்ந்துள்ளது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதனை முன்னின்று நடத்துகின்றது. மாணவரும் ஆசிரியரும் அலுவலரும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகச் சென்று எண்ணுகின்றனர். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கிடும் வழக்கமும் வந்துள்ளது. மாட்டுக்கும் கதிரவனுக்கும் நன்றி சொல்லும் நாளில் பறவைக்கும் ஓர் இடம் கிடைத்திருப்பது பொருத்தமே.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் கதை வேறொரு பாடம் தருகின்றது. நகரம் வளர வளர அது குப்பைமேடும் கட்டடமுமாகச் சுருங்கிற்று. அங்கே இன்னின்ன பறவைகள் வாழ்கின்றன என்று இயற்கை ஆர்வலர்கள் எழுதி வைத்த பட்டியல்கள் அதனைக் காக்க வேண்டும் என்று வாதாடுவோருக்குத் துணையாயின. 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எழுத்தில் இல்லாத உயிருக்காக யாரும் வாதாட இயலாது என்பதை இதனால் உணரலாம்.

வராததையும் எழுதுக

நாட்குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் கண்டவற்றை மட்டும் எழுதுவர். காணாததை எழுதுவதும் அதே அளவு தேவை. இதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு.

வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளுள் ஒன்று நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அந்த அலகால் நத்தையைச் சிப்பியினின்று வெளியே இழுத்து உண்ணும். தமிழ்நாட்டு உழவர் நன்கு அறிந்த இப்பறவை, மலேசியத் தீபகற்பத்தில் முன்னர்க் காணப்பெறாதது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகே தாய்லாந்துப் பக்கமிருந்து பெருங்கூட்டமாக வந்து, பெர்லிஸ், கெடா, செபராங் பிறை வயல்களில் இறங்கத் தொடங்கிற்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நெல் வயல்களில் பரவிய தங்க நத்தைகள் அதற்கு நல்ல இரை. இன்று அந்நாரையைக் காணும் சிறுவன், அது என்றும் இங்கே இருந்தது என்றே எண்ணுவான். "இவ்வயலில் இப்பறவை இல்லை" என்பதற்குச் சான்றாகும் பழைய பட்டியல்கள் இருந்தமையால்தான், அது புதிதாக வந்தது என்று நம்மால் துணிந்து கூற முடிகின்றது.

காக்கையும் குயிலும் இன்னும் சுவையான சான்று. நம் வீட்டுக் கூரைமேல் கரையும் சாம்பல் கழுத்துக் காக்கை இந்நாட்டுக்குரியதன்று. காப்பித் தோட்டத்துப் புழுக்களை உண்ணும் என்று கருதி, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர்த் துறைமுகம்தோறும் நகரந்தோறும் பெருகிற்று. அக்காலத்தில் குயில் இந்நாட்டிற்குப் பெரும்பாலும் வலசை வரும் விருந்தாளி. காக்கை பெருகியபின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குயிலும் இங்கேயே தங்கிக் காக்கைக் கூட்டில் முட்டையிடலாயிற்று. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது தமிழ்ச் சிறுவரும் அறிந்த செய்தி. அந்த உறவு இந்நாட்டில் நம் பாட்டன் காலத்திற்குப் பிறகே தொடங்கியது என்பதை, ஆண்டுவாரியாக எழுதி வைத்தவர்களால் அறிகின்றோம்.

பினாங்கின் நீர்நிலைகள்

பினாங்கு என்னும் பெயரே பாக்கு மரத்தைக் குறிப்பது. ஜெலுத்தோங், குளுகோர், நிபோங் திபால் ஆகியவை மரங்களின் பெயரால் அமைந்த ஊர்கள். தஞ்சோங் பூங்கா மலர்முனை. ஆயர் ஈத்தாம் கருநீர். செபராங் பிறையில் அணைக்கட்டு உள்ள மெங்குவாங், நாம் தாழை என்று வழங்கும் குடும்பத்துச் செடியின் பெயர். ஊர்ப் பெயர்களே ஒரு பழைய கருப்பொருள் பட்டியலாக நிற்கின்றன. அவற்றுள் இன்று அப்பெயருக்குரிய மரம் எந்த ஊரில் எஞ்சியுள்ளது என்று தேடுவதே மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

நோக்குவதற்கு ஏற்ற நீர்நிலைகள் பல உள்ளன. தைப்பூசத்தன்று நாம் திரளும் தண்ணீர்மலைக்கு அண்மையில் உள்ள தாவரவியல் பூங்கா 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அங்கே அல்லிக் குளமும் ஓடையும் உண்டு. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு 1962-இலும், மெங்குவாங் அணைக்கட்டு 1985-இலும், தெலுக் பாஹாங் அணைக்கட்டு 1999-இலும் அமைந்தவை. குளுகோர் பக்கத்தில் உள்ளவர்க்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்து ஹராப்பான் ஏரி எளிது. 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வடமேற்கு முனையில், கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஓர் அரிய ஏரி உண்டு. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் கலவாமல் இரண்டு அடுக்காக நிற்கும். மருதமும் நெய்தலும் ஒரே நீர்நிலையில் மேலும் கீழுமாக அமைந்தது போன்ற காட்சி அது. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்குக் கொடிமலையையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது.

தொடங்குவோர்க்கு ஓர் அறிவுரை. இவையனைத்தையும் சுற்றிப் பார்க்க முயல வேண்டா. நடந்தே போகக்கூடிய ஒரு குளத்தைத் தேர்க. அரிய பறவை வரும் தொலைதூர ஏரிக்கு ஆண்டில் ஒருமுறை போவதினும், மைனாவும் கொக்கும் மட்டுமே வரும் பக்கத்துக் குளத்திற்கு மாதம் இருமுறை போவது மிகுந்த அறிவு தரும்.

எழுதும் முறை

ஏட்டில் முதலில் எழுத வேண்டுவது முதற்பொருள். இடம், நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, நீர்மட்டம். இவை இல்லாத குறிப்பு, தேதியில்லாத கல்வெட்டைப் போன்றது. ஒவ்வொரு முறையும் ஒரே வழியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே அளவு காலம் நடக்க வேண்டும். இன்று அரைமணி நேரமும் அடுத்த வாரம் மூன்று மணி நேரமும் பார்த்துவிட்டு, பறவை பெருகிவிட்டது என்று சொல்லுதல் பொருந்தாது. எடுத்துக்காட்டாக ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "சனி, காலை 7.30 முதல் 8.30 வரை. இரவு மழை, இப்போது வெயில். நீர் படிக்கட்டின் இரண்டாம் படியில். வெண்மார்பு மீன்கொத்தி 2, ஒன்று கம்பியில். வெண்மார்புக் கானாங்கோழி 1, குஞ்சுகள் 3. தகைவிலான் இல்லை."

பறவைகளைப் பொறுத்தவரை பெயரோடு எண்ணிக்கையும் வேண்டும். பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்று மனத்தில் கொண்டு, அத்தகைய பத்துகள் எத்தனை என்று கணக்கிடலாம். இது மதிப்பீடு என்பதையும் எழுதிவிட வேண்டும். உண்ணுதல், கூட்டுக்குச் சுள்ளி சுமத்தல், குஞ்சோடு திரிதல் ஆகிய செயல்கள் பெயரினும் பயனுள்ள குறிப்புகள்.

பூச்சிகளுக்கு வெயில் ஏறிய நேரமே ஏற்றது. நீர்நிலையின் நலத்தை அறியத் தட்டான்கள் நல்ல அளவுகோல். நாம் காணும் சிறகுள்ள பருவம் அவற்றின் வாழ்வில் ஒரு பகுதியே. முட்டையிலிருந்து வெளிவந்த இளவுயிர் நீருக்குள்ளேயே வேட்டையாடி வளர்ந்து, ஒருநாள் கோரைத்தண்டில் ஏறித் தோலைக் களைந்து பறக்கும். கரையோரத் தண்டுகளில் ஒட்டியிருக்கும் அந்த வெற்றுத் தோல்களை எண்ணினால், அக்குளத்திலேயே பிறந்த தட்டான்கள் எவை என்பது தெரியும். வழிப்போக்காக வந்தவை வேறு. உட்காரும்போது சிறகை விரித்து வைப்பது தட்டான். பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து வைப்பது ஊசித்தட்டான். இந்த ஒரு வேறுபாட்டோடு தொடங்கினால் போதும். வண்ணத்துப்பூச்சி எனில், எந்தச் செடியில் முட்டையிடுகின்றது என்று பார்க்க வேண்டும். பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலையில் இலை தின்னும் புழுவைக் கண்டவுடன் நசுக்காமல் இரண்டு வாரம் பொறுத்துக் குறிப்பெழுதினால், மாணவர்க்கு அது ஒரு முழுப் பாடம்.

செடிகொடிகள் ஓடிப்போவதில்லை, ஆதலின் பொறுமையில்லாதவர் அவற்றிலிருந்து தொடங்குதல் நன்று. கரையில் ஐந்து மரங்களைத் தேர்ந்து எண்ணிட்டு, தளிர், மொட்டு, பூ, காய், பழம், இலையுதிர்வு ஆகிய ஆறில் எந்த நிலையில் உள்ளது என்று ஒவ்வொரு முறையும் குறிக்கலாம். நீர்ச்செடிகளுக்கு அவை பரவியுள்ள அளவே செய்தி. வெங்காயத் தாமரை குளத்தில் காற்பங்கை மூடியிருந்தது எப்போது, பாதியை மூடியது எப்போது என்னும் குறிப்பு, குளத்தில் கழிவுநீர் கலப்பதை ஆய்வுக்கூடத்திற்கு முன்பே எச்சரிக்கக்கூடும்.

உரிப்பொருளுக்கு மட்டும் இந்த ஏட்டில் இடம் குறைவு. "கண்கொள்ளாக் காட்சி", "தேனினும் இனிய குரல்" என்னும் தொடர்களால் நூறு ஆண்டுகள் கழித்துப் படிப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. தெரியாத பறவையாயின் பெயரை ஊகித்து எழுதாமல், "தெரியவில்லை, புறாவினும் சிறியது, வாலில் வெள்ளைக் கோடு" என்று எழுதுதலே நேர்மை. கூட்டை நெருங்காமலும், செடியைப் பிடுங்காமலும், அணைக்கட்டுப் பகுதிகளில் வேலி தாண்டாமலும் பார்ப்பது கட்டாயம். சிறுவரோடு செல்வோர் நீர்விளிம்பில் எப்போதும் உடன்நிற்க வேண்டும்.

எழுதிய குறிப்பு ஏட்டிலேயே உறங்க வேண்டுவதில்லை. 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபன் கழகமும் சேர்ந்து தொடங்கிய ஈபேர்ட் என்னும் பொதுத் தொகுப்பில், கைப்பேசி வழியாக யாரும் தம் பட்டியலைச் சேர்க்கலாம். 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்திற்குப் பினாங்கிலும் கிளை உண்டு. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இந்நாடும் சேர்ந்து வருகின்றது. ஆயினும் கையால் எழுதும் ஏட்டைக் கைவிடலாகாது. தொகுப்பில் பறவையின் பெயரும் எண்ணும் நிற்கும். குளத்தின் கதை ஏட்டில் நிற்கும்.

பெயர்கள் படும் பாடு

தமிழில் எழுதத் தொடங்கியவுடன் பெயர்ச் சிக்கல் எழும். ஒரு பறவைக்கு ஊருக்கொரு பெயர். ஒரு பெயருக்கு ஊருக்கொரு பறவை. செம்போத்து என்பதைச் செண்பகம் என்பாரும் உளர். நாரை, கொக்கு, குருகு என்னும் சொற்களை நூல்களிலேயே கலந்து வழங்குவர். இலின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த இருசொற் பெயர்முறை இச்சிக்கலை உலக அளவில் தீர்த்தது. ஆதலின் ஊர்ப்பெயரோடு அறிவியற் பெயரையும் ஒருமுறை ஏட்டில் எழுதி வைத்தல் நலம். ஊர்ப்பெயரை விட்டுவிடுதல் மட்டும் கூடாது. சென்னைப் பட்டாளத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவை நூலில், பல பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதினார். வேற்று நாட்டார் ஒருவர் அன்று செய்த பணி அது.

இங்கேயுள்ள உயிர்கள் சிலவற்றிற்குத் தமிழில் பெயர் இல்லாதிருக்கலாம். தமிழ்நாட்டில் செம்புழைக் கொண்டைக்குருவி உண்டு. நம் வேலியில் துள்ளும் அதன் உறவுப் பறவைக்கு வால் அடியில் மஞ்சள். அதனை மஞ்சள்புழைக் கொண்டைக்குருவி என்று வழங்கினால் யார்க்கும் விளங்கும். இவ்வாறு பெயரிடும்போது, மலாய்ப் பெயரையும் உடன் எழுதினால் அண்டை வீட்டாரோடு பேசவும் உதவும்.

வேறு சிலவற்றிற்குப் பெயர் இருந்தும் நாம் அறியோம். காங்கோங் என்று பினாங்குச் சந்தையில் வாங்கிப் பொரிக்கும் கீரை, சங்கப் பாடல்களில் வரும் வள்ளை. பாட்டில் வள்ளையைப் படித்து, "ஒருவகை நீர்க்கொடி" என்று பொருள் எழுதிவிட்டு, அன்று மாலையே காங்கோங்கை உண்ணும் மாணவன் இரண்டும் ஒன்று என்பதை அறிவதில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே விழுந்த இவ்விரிசல்தான் நாம் கவலைப்பட வேண்டுவது. குளங்கள் தூர்ந்தால் உயிர்கள் மறையும். உயிர்கள் எதிரே இருந்தும் பெயர்கள் மறந்தால், இலக்கியத்தில் பாதி வெறும் ஒலியாகிவிடும். சம்பு, கோரை, ஆம்பல், கானாங்கோழி என்னும் சொற்களை உயிரோடு வைத்திருக்க, அகராதியினும் ஏரிக்கரை வல்லது.

பள்ளிகள் செய்யத்தக்கது

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளை நம் மாணவர் படிக்கின்றனர். பனியும் வேனிலும் தனித்தனியே இல்லாத பினாங்கில் அவை ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கின்றன. இங்கும் பொழுதுகள் இல்லாமல் இல்லை. சனவரி, பிப்ரவரியில் வறட்சி. செப்டம்பர், அக்டோபரில் பெருமழை. தகைவிலான் வரும் பொழுது ஒன்று. போகும் பொழுது ஒன்று. அங்சானா பூக்கும் பொழுது, தட்டான் பெருகும் பொழுது, கானாங்கோழி குஞ்சு பொரிக்கும் பொழுது என்று பினாங்கிற்கே உரிய பொழுதுகளை வகுத்துக் காண முடியும். மூன்று ஆண்டுக் குறிப்புகள் இருந்தால் ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர்களே அதைச் செய்துவிடலாம்.

அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. தடித்த அட்டையுள்ள ஏடு ஒன்று, பள்ளிக்குப் பொதுவாக ஓர் இரட்டைக்கண் தொலைநோக்கி, மாதத்தில் இரண்டு காலைப்பொழுது, பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர். ஆறாம் ஆண்டு மாணவர் பள்ளியை விட்டுச் செல்லும்போது, ஏட்டை ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்கட்டும். ஆசிரியர் மாறினாலும் ஏடு மாறாமல் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். மொழிப்பாடத்திற்குப் பெயர்களும், கணிதத்திற்கு எண்ணிக்கையும், அறிவியலுக்கு ஒப்பீடும் அதிலிருந்தே கிடைக்கும்.

தொடங்குதற்கு ஏற்ற காலம் ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரம். அப்போது ஏட்டின் முதற்பக்கத்தில் நாளும் இடமும் எழுதி, அதன் கீழ் "தகைவிலான் இல்லை" என்று ஒரு வரி எழுதுக. சில வாரங்களில் அது வந்து கம்பியில் அமரும் நாளைக் குறித்துவிட்டால், உங்கள் ஏரிக்குரிய முதல் உண்மை உங்கள் மாணவர் கையெழுத்தில் பதிவாகிவிடும்.